ஆஃப்ஸ்டெட் ஒன்று சொல்கிறது, பெற்றோர் வேறொன்று சொல்கிறார்கள்: ஆரம்பப் பள்ளிக்கு எதை வைத்து முடிவெடுப்பது?

இங்கிலாந்தில் நான்கு வயதை எட்டும் பிள்ளை இருக்கிற தமிழ் வீட்டில் ஜனவரி நடுவில் இரண்டு வேலை சேர்ந்து வரும். ஒன்று பொங்கல். இன்னொன்று, செப்டம்பரில் ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனில் சேர்ப்பதற்கான விண்ணப்பம். அதைக் கவுன்சிலுக்கு அனுப்ப ஜனவரி 15தான் கடைசி நாள்.

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், நியூ மால்டன் என்று நம்மவர்கள் அதிகம் இருக்கும் பகுதிகளில் பேச்சு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். "அந்த ஸ்கூல் அவுட்ஸ்டாண்டிங்னு போட்டிருக்கே, எடுக்கலாமா அக்கா?" என்று ஒருவர் கேட்பார். "ஐயோ, அங்க வேண்டாம்மா, என் நாத்தனார் பையன் அங்கதான் படிச்சான்" என்று பதில் வரும். பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கை ஒரு பக்கம், நாத்தனார் பையன் ஒரு பக்கம். கேட்டவர் முன்பைவிடக் குழம்பிப் போவார்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வறிக்கையும் பெற்றோர் கருத்தும் ஒரே கேள்விக்கு வந்த இரண்டு பதில்கள் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். பாடத்திட்டம், வாசிப்பு, ஒழுங்கு, பாதுகாப்பு எல்லாம் ஒரு குறிப்பிட்ட தேதியில் எப்படி இருந்தன என்பதை அறிக்கை சொல்லும். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் பள்ளி என்ன செய்யும் என்பதைப் பெற்றோர்தான் சொல்ல முடியும். இரண்டும் முரண்பட்டால் எனக்குப் பின்னதுதான் கனமானது. ஆனால் பெற்றோர் கருத்தைச் சரியாக வாசிக்கத் தெரிய வேண்டும். பலர் தவறுவது அங்கேதான்.

முதலில் அறிக்கையின் தேதியைப் பாருங்கள்

ஆஃப்ஸ்டெட் இங்கிலாந்துக்கு மட்டும் உரிய அமைப்பு; 1992இல் வந்தது. வேல்ஸுக்கு எஸ்டின் இருக்கிறது, ஸ்காட்லாந்துக்கு வேறு ஏற்பாடு. கார்டிஃபில் இருப்பவர் லண்டன் அத்தையிடம் ஆஃப்ஸ்டெட் பற்றிக் கேட்டுப் பயனில்லை.

இப்போது பள்ளிகளின் பெயரைத் தேடினால் மூன்று வகை அறிக்கைகள் கலந்து கிடக்கும். 2024 கோடை வரை வந்தவற்றில் முழுப் பள்ளிக்கும் சேர்த்து ஒற்றைத் தரம் இருக்கும், மேலிருந்து கீழாக: அவுட்ஸ்டாண்டிங், குட், ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட், இன்அடிக்வேட். 2024 செப்டம்பருக்குப் பிறகு அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒட்டுமொத்தத் தரத்தை எடுத்துவிட்டார்கள். கற்பித்தல், நடத்தை, ஆளுமை வளர்ச்சி, நிர்வாகம் என்று தனித்தனித் தரங்கள் மட்டும் நின்றன. 2025 நவம்பரிலிருந்து புது 'ரிப்போர்ட் கார்டு'. அதில் மேலிருந்து கீழாக ஐந்து படிகள்: எக்ஸெப்ஷனல், ஸ்ட்ராங் ஸ்டாண்டர்ட், எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட், நீட்ஸ் அட்டென்ஷன், அர்ஜென்ட் இம்ப்ரூவ்மென்ட். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு மட்டும் படிகள் கிடையாது. நிறைவேறியது, நிறைவேறவில்லை, அவ்வளவுதான்.

ஒற்றைத் தரம் ஏன் போனது என்பதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. ரெடிங் நகரத்தில் உள்ள கேவர்ஷம் ஆரம்பப் பள்ளி அவுட்ஸ்டாண்டிங் தரத்தில் இருந்தது. 2022 நவம்பரில் ஆய்வு நடந்தது. கற்பித்தலும் மாணவர் நடத்தையும் நன்றாக இருப்பதாகவே ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் பாதுகாப்பு தொடர்பான நிர்வாகக் குறைகளைக் காட்டி ஒட்டுமொத்தமாக இன்அடிக்வேட் என்று தீர்ப்பானது. தலைமை ஆசிரியை ரூத் பெர்ரி 2023 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வு அதற்கு ஒரு காரணமாக இருந்தது என்று அந்த ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். இதற்கிடையே 2023 கோடையில் மறு ஆய்வு நடந்து அதே பள்ளிக்கு குட் கிடைத்துவிட்டது. ஓர் ஆண்டுக்குள் மூன்று தரங்கள். அந்தக் காலம் முழுக்க வகுப்பில் இருந்த பிள்ளைக்கு அன்றாடம் எவ்வளவு மாறியிருக்கும் என்று யோசித்தால், ஒரு சொல்லை வைத்துப் பள்ளியை அளப்பதில் உள்ள சிக்கல் விளங்கும்.

பழைய அவுட்ஸ்டாண்டிங் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஏறத்தாழ 2012 முதல் 2020 வரை அந்தத் தரம் பெற்ற பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்தே விலக்கு இருந்தது. விலக்கை நீக்கி ஆய்வாளர்கள் திரும்பப் போனபோது, 2021-22 கல்வியாண்டில் பார்த்த அத்தகைய பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அந்தத் தரத்தைத் தக்கவைக்கவில்லை. பள்ளி வாசலில் பதாகை மட்டும் அதுவரை கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

புது கார்டை வாசிப்பதில் ஒரு பொறி உண்டு. 'எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட்' என்று பார்த்ததும் "ஓ, சுமார்தான்" என்று தோன்றும். அப்படி இல்லை. பள்ளி செய்ய வேண்டியதை எல்லாம் ஒழுங்காகச் செய்கிறது என்பதற்கான படி அது; இறங்குமுகமான படி அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. முன்பு அவுட்ஸ்டாண்டிங் வாங்கிய பள்ளி இப்போது பெரும்பாலும் எக்ஸ்பெக்டட், ஓரிரண்டு இடத்தில் ஸ்ட்ராங் என்று வாங்கியிருந்தால் அதைச் சரிவு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அளவுகோலே வேறு. பழைய தரத்தையும் புதிய தரத்தையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடாமல் இருப்பதே நல்லது.

எந்த வகை அறிக்கையானாலும், புகழ்ச்சிப் பத்திகளைத் தாண்டி, பள்ளி எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லும் பகுதிக்கு முதலில் போங்கள். "மகிழ்ச்சியான, வரவேற்கும் பள்ளி" என்ற வரி ஏறத்தாழ எல்லா அறிக்கையிலும் இருக்கும். ஆனால் "சில பாடங்களில் பிள்ளைகள் முன்பு படித்ததை நினைவில் வைத்திருக்கவில்லை" என்பதற்கும், "வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு உரிய நேரத்தில் உதவி கிடைப்பதில்லை" என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முதலாவது பல நல்ல பள்ளிகளிலும் எழுதப்படுவது. வரலாறோ புவியியலோ பாடத்திட்டம் இன்னும் செப்பனிடப்படவில்லை என்று பொருள். இரண்டாவது, ஐந்து வயதுப் பிள்ளையை அனுப்பப் போகிற நமக்கு மணி அடிக்க வேண்டிய வரி. பாதுகாப்பு நிறைவேறவில்லை என்றிருந்தால், அதன் பிறகு என்ன நடந்தது என்று பள்ளியிடம் நேரில் கேட்காமல் மேலே போக வேண்டாம்.

வருகைப்பதிவில் 'நீட்ஸ் அட்டென்ஷன்' இருந்தால் நான் அவ்வளவு பதற மாட்டேன். அது ஓரளவு குடும்பங்களின் கதையும்கூட. பள்ளி நாட்களில் ஊருக்குப் பறப்பவர்கள் நம்மிலும் குறைவில்லை. அனுமதியில்லாமல் ஐந்து நாள் போனாலே பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு அபராதம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் அது 160. ஆனால் ரிப்போர்ட் கார்டில் அந்தக் கட்டத்துக்கு வருகைப்பதிவோடு நடத்தையும் சேர்த்தே தரம் கொடுக்கிறார்கள் என்பதால், குறை எதில் என்று உள்ளே வாசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். வழக்கமாகத் திங்கட்கிழமை ஆய்வு பற்றிப் பள்ளிக்குத் தொலைபேசி வரும், அடுத்த இரண்டு நாள் ஆய்வாளர்கள் இருப்பார்கள். புத்தகங்களைப் பார்ப்பார்கள், பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள், ஆசிரியர்களிடம் பேசுவார்கள். அனுபவசாலிகள்தான். என்றாலும் பிப்ரவரி மாத மழை நாளில் வெளியே விளையாட முடியாத முப்பது பிள்ளைகளை அந்த ஆசிரியை எப்படிச் சமாளிக்கிறார் என்பது அவர்கள் கண்ணில் படாமலே போகலாம்.

பேரண்ட் வியூ: சதவீதத்துக்கு உள்ளே ஒரு கணக்கு

பெற்றோர் கருத்தை ஆஃப்ஸ்டெட்டே திரட்டுகிறது. பேரண்ட் வியூ என்று பெயர். என் பிள்ளை இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறானா, பாதுகாப்பாக உணர்கிறானா, பள்ளி என் பிள்ளையின் முன்னேற்றத்தைத் தெரியப்படுத்துகிறதா என்று 14 கேள்விகள். ஆண்டு முழுவதும் நிரப்பலாம். ஆய்வு அறிவிக்கப்பட்டதும் பள்ளி எல்லாப் பெற்றோருக்கும் இணைப்பை அனுப்பும், பெரும்பாலான பதில்கள் அப்போதுதான் குவியும். பள்ளியின் பெயரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் முடிவைப் பார்க்கலாம். அந்தக் கல்வியாண்டில் பத்துப் பேராவது பதில் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் காட்டாது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பேர் என்பதை. நானூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பதினெட்டுப் பதில்கள் மட்டும் இருந்தால், 94% மகிழ்ச்சி என்பதும் சரி, 61% என்பதும் சரி, பெரிதாக எதையும் சொல்லாது. பதில் சொல்ல உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ரகம்: பள்ளியை உயிராக நேசிப்பவர்கள், பள்ளி மேல் கொதித்துப்போயிருப்பவர்கள். இடையில் இருக்கும் பெருங்கூட்டம் இரவுச் சாப்பாடு செய்துகொண்டிருக்கும்.

எண்ணிக்கை போதுமானதாக இருந்தால், எந்தக் கேள்வியைப் பார்ப்பது? பலரும் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போவார்கள்: இந்தப் பள்ளியை இன்னொரு பெற்றோருக்குப் பரிந்துரைப்பீர்களா? எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தான் தேர்ந்தெடுத்த பள்ளியை மட்டமாகச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

என் கண் போவது இரண்டு கேள்விகள் மேல். ஒன்று, பிள்ளை சக பிள்ளைகளின் சீண்டலுக்கு (புல்லியிங்) ஆளானபோது பள்ளி விரைவாகவும் பயனுள்ளதாகவும் நடவடிக்கை எடுத்ததா? இன்னொன்று, நான் கவலை தெரிவித்தபோது அதை முறையாகக் கவனித்தார்களா? இரண்டுக்கும் பதில் வரிசையில், 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று தேர்ந்தெடுக்கவும் இடம் உண்டு. அங்கேதான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு உதாரணத்துக்கு 80 பேர் பதில் சொன்னதாக வைத்துக்கொள்வோம். சீண்டல் கேள்விக்கு 70% பேர் 'என் பிள்ளைக்கு அப்படி நடக்கவில்லை', 15% பேர் பள்ளி நன்றாகக் கவனித்தது, 15% பேர் கவனிக்கவில்லை என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அதிருப்தி வெறும் 15%. ஆனால் 70 சதவீதத்தை விலக்கிவிட்டுப் பாருங்கள். உண்மையில் பிரச்சினையைச் சந்தித்த 24 குடும்பங்களில் 12 குடும்பங்கள் பள்ளி கைவிட்டதாகச் சொல்கின்றன. பாதிக்குப் பாதி. இதே பள்ளியில் 'என் பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கிறான்' என்ற வரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எல்லாம் நன்றாகப் போகும்வரை நன்றாக இருக்கும் பள்ளி என்று அதற்குப் பொருள்.

கவலை தெரிவித்த கேள்விக்கும் இதே கணக்குதான். அதில் பள்ளி நன்றாகத் தேறினால், மற்ற வரிகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நான் அந்தப் பள்ளி பக்கம் சாய்வேன். உங்கள் பிள்ளைக்குப் பேச்சு தாமதமோ ஆட்டிசமோ வேறு சிறப்புத் தேவையோ இருந்தால், அத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் பதில் சொல்லும் ஆதரவுக் கேள்வி இருக்கிறது. அத்தகைய பிள்ளைகளைப் பள்ளி எப்படி அரவணைக்கிறது என்று பார்க்க, புது ரிப்போர்ட் கார்டில் இன்க்ளூஷன் என்ற தனிக் கட்டமும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அறிக்கை ஸ்ட்ராங் என்று சொல்லி, அந்தப் பெற்றோர்கள் இல்லை என்று சொன்னால், நான் பெற்றோர் பேச்சைத்தான் எடுத்துக்கொள்வேன்.

நாத்தனார் பையன் விஷயத்துக்கு வருவோம்

வாய்வழிக் கருத்தை ஒதுக்க வேண்டாம், ஆனால் வடிகட்ட வேண்டும். நம் வட்டத்தில் ஒரு பள்ளி நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் வீட்டுப்பாடத்தை வைத்தே முடிவாகிறது. "ஹோம்வொர்க்கே தர மாட்டாங்க" என்றால் மோசமான பள்ளி. பதினொன்றாம் வயதுத் தேர்வெழுதி டிஃபின் பள்ளிக்கோ சட்டன் பக்கத்து கிராமர் பள்ளிக்கோ எத்தனை பேர் போனார்கள் என்பது அடுத்த அளவுகோல். அப்படிப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டு வருடம் டியூஷன் போனவர்கள் என்று அதே மூச்சில் யாரும் சொல்வதில்லை.

எந்த வருடத்துச் செய்தி என்று கேளுங்கள். ஹெட் டீச்சர் மாறியிருந்தால் அந்தப் பையனின் அனுபவமும் காலாவதி, ஆய்வறிக்கையும் பாதி காலாவதி. ஆரம்பப் பள்ளி சிறியது. தலைமை மாறினால் இரண்டே வருடத்தில் ஆசிரியர் அறை முழுக்க வேறு முகங்களாகிவிடலாம்.

கேட்கும் விதமும் முக்கியம். "ஸ்கூல் எப்படி அக்கா?" என்று கேட்டால் "பரவாயில்லம்மா" என்றுதான் வரும். "கடைசியா நீங்க எதுக்காக ஸ்கூலுக்கு மெயில் போட்டீங்க? பதில் வர எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்.

மதிப்பெண்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆறாம் வகுப்பு முடிவில் நடக்கும் சாட்ஸ் தேர்வின் அடிப்படையில் (எழுத்துக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீடு), வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் எதிர்பார்க்கும் நிலையை எட்டியவர்கள் 2025இல் நாடு முழுக்க 62%. பள்ளியின் எண்ணை இதோடு ஒப்பிடலாம், ஆனால் ஒரே வகுப்பு உள்ள சிறு பள்ளியில் முப்பது பிள்ளைகளில் ஒருவர் என்பதே மூன்று சதவீதத்துக்கு மேல். ஒரு வருட எண்ணை நம்பாமல் மூன்று வருடம் பாருங்கள். பிள்ளைகள் சேர்ந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினார்கள் என்று காட்டும் அளவீடு உண்மையிலேயே உபயோகமானது. கோவிட் காலத்தில் சிறு வகுப்புத் தேர்வுகள் நடக்காததால் 2024க்கும் 2025க்கும் அதை வெளியிட முடியவில்லை.

அப்புறம், நேரில் போய்ப் பார்ப்பது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை திறந்தநாள் வைப்பார்கள். மண்டபத்துப் பேச்சைவிடத் தாழ்வாரத்தைக் கவனியுங்கள்: அழும் பிள்ளையைக் கடந்து போகும் பெரியவர் நிற்கிறாரா? கேட்க வேண்டியவை இரண்டு. போன ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் வெளியேறினார்கள்? வீட்டில் தமிழ் மட்டும் பேசி வரும் பிள்ளையின் முதல் மாதத்தை எப்படி நடத்துவீர்கள்? "வீட்டிலும் ஆங்கிலம் பேசச் சொல்லுங்கள்" என்று இரண்டாவதற்குப் பதில் வந்தால் எனக்கு அந்தப் பள்ளி மேல் உள்ள மரியாதை இறங்கிவிடும். நல்ல பள்ளிகள் அப்படிச் சொல்வதில்லை.

சரி, இரண்டில் எது?

இப்படி ஒரு நிலைமை வைத்துக்கொள்ளுங்கள். முதல் பள்ளி 2022இல் அவுட்ஸ்டாண்டிங். அதன்பின் தலைமை மாறியது. பேரண்ட் வியூவில் இந்த ஆண்டு பத்துப் பேர்கூட இல்லை. இரண்டாம் பள்ளிக்கு அண்மையில் ரிப்போர்ட் கார்டு வந்திருக்கிறது: பெரும்பாலும் எக்ஸ்பெக்டட், இன்க்ளூஷனில் ஸ்ட்ராங், வருகைப்பதிவால் ஒரு கட்டத்தில் நீட்ஸ் அட்டென்ஷன். எண்பது பெற்றோர் பதில் சொல்லியிருக்கிறார்கள், கவலையைக் கவனிக்கும் கேள்வியில் பெரும்பாலோர் திருப்தி.

நான் இரண்டாவதைத்தான் முதலில் எழுதுவேன். முதல் பள்ளியின் தரம் வேறொரு தலைமை வாங்கியது. நான்கு வருட இடைவெளி ஆகிவிட்டதால் அடுத்த ஆய்வும் நெருங்கிவிட்டது. பிள்ளையைச் சேர்த்த பிறகு வரப்போகும் முடிவுக்கு இன்றே பந்தயம் கட்டுவது அது. புது ஹெட் டீச்சரை நேரில் சந்தித்து மனம் நிறைந்தால் முடிவை மாற்றிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. இரண்டாவது பள்ளி இருபது நிமிடக் கார் பயணத்தில் இருந்து, முதலாவது தெருமுனையில் இருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். ஏழு வருடம், தினம் இரண்டு தடவை, பாதி நாள் மழை.

ஆனால் இந்த ஒப்பீடெல்லாம் உங்களுக்கு இடம் கிடைக்கக்கூடிய பள்ளிகளுக்குள்தான். நாம் தெரிவிப்பது விருப்பம் மட்டுமே. தேர்வு கவுன்சிலும் பள்ளியின் சேர்க்கை விதியும் செய்வது. கவுன்சிலின் பராமரிப்பில் உள்ள குழந்தைகள், அண்ணன் அக்கா அங்கே படிப்பவர்கள், அப்புறம் தூரம் என்று வரிசை போகும். கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் பள்ளிகள் பலவற்றில் ஞானஸ்நானச் சான்றோ பாதிரியாரின் கையெழுத்தோ கொண்ட கூடுதல் படிவமும் வேண்டும். போன ஆண்டு கடைசி இடம் எத்தனை தூரத்தில் இருந்த பிள்ளைக்குப் போனது என்பதைக் கவுன்சில் கையேட்டில் போடுவார்கள். அந்த எண்ணைத் தாண்டி வெகுதூரத்தில் வீடு இருந்தால் அறிக்கை வாசித்துப் பயனில்லை.

லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். ஒன்றே ஒன்றை எழுதினால் அங்கேயே போட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, அது பொய். உங்கள் வரிசை எண்ணைப் பார்த்துப் பள்ளி இடம் கொடுப்பதில்லை. பிடித்த வரிசையில் எழுதிவிட்டு, நிச்சயம் கிடைக்கும் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். லண்டனில் பிறப்பு குறைந்து சில பள்ளிகளில் இடம் காலியாகவே கிடக்கிறது, சில மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் வருகின்றன. பணம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே வருவதால், எளிதில் இடம் கிடைக்கும் பள்ளி என்றால் அடுத்த சில வருடத்துக்கான திட்டம் என்ன என்று கேட்டுவிடுவது நல்லது.

பதில் ஏப்ரல் 16 அன்று வரும். விரும்பிய பள்ளி கிடைக்காவிட்டாலும் கொடுத்த இடத்தை மறுக்க வேண்டாம். அதை ஏற்றுக்கொண்டே மற்ற பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் இருக்கலாம். ஏற்றதால் பட்டியலில் பின்னுக்குப் போக மாட்டீர்கள். மேல்முறையீடும் செய்யலாம், ஆனால் ரிசெப்ஷன் முதல் இரண்டாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் என்பது சட்ட வரம்பு என்பதால் அதில் வெல்வது அபூர்வம். கோடையில் வீடு மாறுபவர்கள் இருப்பார்கள், செப்டம்பர் முதல் வாரத்தில்கூடப் பட்டியல் நகரும்.